சில்வர் ஓக் பலகையில சாப்பாட்டு மேஜை: கோத்தகிரி ஈரத்துல மரவேலை

நீலகிரியில தேயிலைக்கு நடுவுல எங்க பாத்தாலும் நிக்கிற சில்வர் ஓக், கிழக்கு ஆஸ்திரேலியாவுல இருந்து வந்து நம்ம எஸ்டேட்ல நிழலுக்காக நட்ட மரம். வெட்டினதும் அது போற எடம் பிளைவுட் கம்பெனி, பேக்கிங் பெட்டி, சென்ட்ரிங் பலகை, மிச்சம் விறகு. வீட்டுக்கு மேஜை வேணும்னா எல்லாரும் தேக்கு தேடி மேட்டுப்பாளையம் எறங்குறாங்க. இதுல எனக்கு ரொம்ப நாளாவே மனசு ஒப்பல. நல்லா அறுத்து, பொறுமையா காய வச்சு, அது விரியவும் சுருங்கவும் எடம் விட்டு செஞ்சா இது வீட்டுக்குள்ள போடுற அருமையான ஃபர்னிச்சர் மரம்ங்கறது என்னோட உறுதியான எண்ணம், அத நம்பித்தான் அஞ்சு அடி நீளம் ரெண்டரை அடி அகலத்துல நாலு பேர் தாராளமா உக்காந்து சாப்பிடற மேஜை ஒண்ணு செஞ்சேன், பலகை அறுத்ததுல இருந்து மெழுகு போட்டது வரைக்கும் எல்லாத்தையும் இங்க எழுதி வைக்கிறேன்.

மொதல்ல மரம் கெடைக்கிற விஷயம். நம்ம மாவட்டத்துல சொந்த தோட்டத்துல நிக்கிற மரமா இருந்தாலும் நெனச்ச மாதிரி வெட்ட முடியாது, 1955 ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அனுமதி வாங்கணும். அது சரியான சட்டம்னுதான் நான் சொல்லுவேன், இல்லன்னா இந்த சரிவுல மண்ணு நிக்காது. பக்கத்து ஹட்டியில, அதாவது படகர் ஊர்ல, தேயிலை வச்சிருக்க அண்ணா ஒருத்தர் முறையா அனுமதி வாங்கி சில மரங்கள எடுத்தார், அதுல அடிமரம் ஒண்ண நான் வாங்கிக்கிட்டேன். நீங்க வாங்கினாலும் அந்த அனுமதி பேப்பர பாத்துட்டு வாங்குங்க, வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி ஃபாரஸ்ட் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது.

அறுக்குறதுலதான் பாதி வேலை இருக்கு. சாதாரணமா மில்லுல மரத்த படுக்க வச்சு ஒரு பக்கத்துல இருந்து வரிசையா பலகையா சீவிட்டே போவாங்க, அகலமான பலகை வரும், வேஸ்ட் கம்மி. ஆனா அப்படி வர்ற பலகையில பெரும்பாலானதுல வளையக்கோடு பலகையோட முகத்துக்கு கிட்டத்தட்ட இணையா ஓடும், காயும்போது அந்தப் பலகை குழியா வளையும். ஏன்னா மரம் வளையத்த ஒட்டி சுத்துவாக்குல சுருங்குறது, நடுவுல இருந்து பட்டைய நோக்கிப் போற வாக்குல சுருங்குறத விட அதிகம், சில்வர் ஓக்ல இது ரெண்டு மடங்குக்கும் மேல. அதனால மரத்த மொதல்ல நாலா பொளந்து, ஒவ்வொரு துண்டையும் வளையக்கோடு பலகை முகத்துக்கு செங்குத்தா நிக்கிற மாதிரி அறுக்கச் சொன்னேன். மில்லுக்கார அண்ணா, "தம்பி, நேரா அறுத்தா முழு அகலம் கெடைக்கும், நீங்க சொல்ற மாதிரி அறுத்தா பலகை சின்னதாயிடும், தூளும் துண்டும் ஜாஸ்தி போகுமே"ன்னார். "சின்னதா வரட்டும்ணா, நான் ஒட்டிக்கறேன், வளையாம இருந்தா போதும்"னேன். முழு மரத்தையும் அப்படி அறுக்க முடியல, வெளிப்பக்கம் கொஞ்சம் சாதாரணமாத்தான் அறுத்தோம், ஆனா நாலா பொளந்து அறுத்த பலகை வெளிய வந்தப்போ அவரே கையால தடவிப் பாத்தார். இந்த மரத்துல நடுவுல இருந்து பட்டை வரைக்கும் ஓடுற கதிர்கள் ரொம்ப பெருசு, செங்குத்தா அறுக்கும்போது அது பலகை முகத்துல பட்டுப்புடவை சரிகை மாதிரி மின்னும், வெளிச்சம் மாற மாற அதோட நெறமும் மாறும். தேக்குல இது கெடையாது. இத பிளைவுட்டுக்குள்ள ஒளிச்சு வச்சு ஒட்டுறோமேன்னுதான் எனக்கு வருத்தம்.

ஒரு எச்சரிக்கை. இந்த மரத்தோட பச்சைச் சாறும் தூளும் சில பேருக்கு தோல்ல அரிப்பு, தடிப்பு உண்டாக்கும். முழுக்கை சட்டை, மாஸ்க், கண்ணாடி இல்லாம இதுல வேலை செய்யாதீங்க, வேலை முடிஞ்சதும் கைய நல்லா கழுவுங்க, வேர்வையோட தூள் கழுத்துல ஒட்டிக்கிட்டு இருக்க விடாதீங்க.

சில்வர் ஓக்கோட உண்மையான பலவீனம் பூச்சி. கரையானும் தாக்கும், பட்டைய ஒட்டின வெள்ளை நெற மரப் பகுதியில துளைக்கிற வண்டும் வரும், பலகையில குண்டூசி ஓட்டையா இருந்து மைதா மாதிரி தூள் கொட்டினா அதுதான். "அந்த மரம் நிக்காது"ன்னு ஊர்ல சொல்றதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான், அதுக்கு மருந்தும் இருக்கு. போராக்ஸ் மூணு பங்கு போரிக் ஆசிட் ரெண்டு பங்கு, அதாவது பத்து லிட்டர் சுடுதண்ணிக்கு 300 கிராம் போராக்ஸ் 200 கிராம் போரிக் ஆசிட் கரைச்சு, பலகை பச்சையா ஈரமா இருக்கும்போதே எல்லா பக்கமும் ரெண்டு மூணு கை பிரஷ்ல அடிச்சு, தார்ப்பாய் போட்டு மூடி வச்சிடணும். காஞ்ச மரத்துல இது மேலோட நின்னுடும், ஈர மரத்துலதான் அந்த ஈரம் வழியாவே உப்பு உள்ள எறங்கும், அதனால மில்லுல இருந்து வந்த அன்னிக்கே அடிக்கறதுதான் சரி. மழை பட்டா கரைஞ்சு வெளிய போயிடும், அதனால வாசல் பெஞ்ச், தோட்டத்து நாற்காலிக்கெல்லாம் இந்த வைத்தியம் உதவாது. கிளவுஸ் போட்டுக்கோங்க, கொழந்தைங்க, ஆடு மாடு வாய் வைக்கிற எடத்துல கரைசல வைக்காதீங்க.

இப்ப காய வைக்கிற கதை, மலையில மரவேலை செய்யற யாருக்கும் இதுதான் பெரிய விஷயம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்துல இருக்கு, கிழக்குப் பக்கம் பாத்த ஊருங்கறதால அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை நல்லா அடிக்கும், மழை இல்லாத நாள்ல மூடுபனி. மரம் எப்பவுமே சுத்தியிருக்க காத்தோட ஈரத்துக்கு ஏத்த மாதிரி தன் ஈரத்த மாத்திக்கிட்டே இருக்கும். 20 டிகிரி குளிர்ல காத்துல ஈரப்பதம் 65 சதவீதம்னா மரம் 12 சதவீதத்துல போய் நிக்கும், 80 சதவீதம்னா 16, 90 சதவீதம்னா 20க்குப் பக்கம். அதாவது வெளிய அடுக்கின பலகை எத்தன வருஷம் கெடந்தாலும், நம்ம ஊர் மழைக்காலத்துல 16ல இருந்து 20 சதவீதம் வாக்குலதான் நிக்கும். "நல்லா காஞ்ச மரம்"னு சொல்லி நவம்பர்ல வாங்கிட்டு வந்து செஞ்ச மேஜை, மார்ச்ல நடுவுல டப்புன்னு வெடிக்கறதுக்கு காரணம் இதுதான், மரத்துமேல ஒரு குத்தமும் இல்ல.

நான் பலகைய அடுக்கினது வீட்டுக்குப் பின்னாடி இருக்க தகரக் கூரைக்கு அடியில, நாலு பக்கமும் காத்து போற எடம். தரையில இருந்து ஒண்ணரை அடி உயரத்துக்கு ஹாலோ பிளாக், அது மேல குறுக்குச் சட்டம், அது மேல பலகை, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல முக்கால் இன்ச் ரீப்பர். ரீப்பர் எல்லாம் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நேர்க்கோட்டுல நிக்கணும், ஒண்ணு தள்ளி இருந்தாலும் அந்த எடத்துல பலகை தொங்கி அப்படியே காஞ்சு போயிடும், அப்புறம் எத்தன இழைச்சாலும் நிமிராது. பலகையோட ரெண்டு முனையிலயும் பழைய எனாமல் பெயிண்ட் கனமா பூசிட்டேன், ஏன்னா முனை வழியா ஈரம் வேகமா வெளிய போகும், நடுப்பகுதி மெதுவா போகும், அந்த வித்தியாசத்துலதான் முனை விரியும். மேல வரிசையில பாரமா கல்லு. கடைசி கட்டத்துக்கு பலகைய வீட்டுக்குள்ள சமையலறை பரண் மேல ஏத்திட்டேன், அடுப்புச் சூடு மேல ஏறி அங்க எப்பவும் கதகதன்னு இருக்கும். சமையலறைய பல மாசம் இப்படி விட்டுக்கொடுத்த வீட்டுக்காரம்மாவுக்கு இந்த மேஜையில பெரிய பங்கு உண்டு.

காஞ்சிடுச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? தட்டிப் பாத்து சத்தத்துல சொல்றவங்க இருக்காங்க, மீட்டர் விக்கிறாங்க, ஆனா எனக்கு நம்பிக்கை தராசுலதான். பலகை முனையில இருந்து ஒரு அடி உள்ள தள்ளி சின்ன துண்டு ஒண்ணு வெட்டி ஒடனே எடை போட்டேன், 212 கிராம். அத ஓடிஜி அவன்ல 103 டிகிரி வாக்குல வச்சு அப்பப்போ எடுத்து எடை போட்டுட்டே இருந்தா ஒரு கட்டத்துல எடை குறையறது நின்னுடும், அது 182 கிராம்ல நின்னுச்சு. வித்தியாசம் 30, அத காஞ்ச எடையால வகுத்தா 16 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. அப்பதான் பலகைய பரண்ல ஏத்தினேன், மறுபடி துண்டு வெட்டிப் பாத்தப்போ 13க்கு கீழ வந்திருந்தது. நம்ம ஊருக்கு வீட்டுக்குள்ள வைக்கிற சாமானுக்கு இது போதும், கோயம்புத்தூருக்கு அனுப்பறதா இருந்தா இன்னும் எறக்கணும். இந்த சோதனைக்கு செலவு ஒரு துண்டு மரம், சமையலறை தராசு, அவ்வளவுதான், தயவு செஞ்சு எல்லாரும் செஞ்சு பாருங்க.

இனி கணக்கு, இத போடாம மேஜை பலகைய சட்டத்துல மாட்டக்கூடாது. சாதாரணமா அறுத்த பலகை ஒரு சதவீதம் ஈரம் மாறினா அகலத்துல சுமார் கால் சதவீதம் மாறும், நீளத்துல மாறுறது கண்டுக்க வேண்டாத அளவு. என் மேஜை அகலம் 30 இன்ச். வீட்டுக்குள்ள வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் நடுவுல நாலு சதவீதம் ஈரம் மாறும்னு வச்சா அகலம் ஒரு சதவீதம் மாறும், அதாவது ஏழரை மில்லிமீட்டர், ஆசாரி கணக்குல ரெண்டரை நூல். இன்ச்சுக்கு எட்டு நூல். செங்குத்தா அறுத்த பலகைக்கு இதுல பாதி கூட வராது, ஆனா என் மேஜையில ரெண்டு வகையும் கலந்திருக்கறதால பெரிய கணக்கையே எடுத்துக்கிட்டேன். ரெண்டரை நூல் சின்னதா தெரியலாம், ஆனா அத திருகாணி போட்டு அசையவிடாம இறுக்கினா மரம் ஒண்ணு வெடிக்கும், இல்ல சட்டத்த நெம்பி ஜாயின்ட்ட பிரிச்சிடும். அந்த வேகத்துக்கு முன்னாடி எந்த பசையும் நிக்காது.

கால் நாலும் ரெண்டரை இன்ச் சதுரம். அவ்வளவு கனத்துல பச்சை மரத்த காய வச்சா உள்ள ஈரம் நிக்கும், நடுவுல வெடிக்கும், அதனால ஒண்ணேகால் இன்ச் பலகை ரெண்டு ரெண்டா ஒட்டி கால் ஆக்கினேன். கால்களை சேக்கற பட்டிச் சட்டம் நாலு இன்ச் உயரம் ஒரு இன்ச் கனம். சட்டத்தோட முனைய மூணு நூல் கனத்துக்கு நாக்கா செதுக்கி, காலுல அதே அளவுக்கு துளை எடுத்து சொருகறதுதான் ஜாயின்ட், நாக்கு கனம் சட்ட கனத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு இருந்தா ரெண்டு பக்கமும் பலம் சரியா பிரியும். துளை எடுக்க மொதல்ல டிரில்லுல வரிசையா ஓட்டை போட்டு, அப்புறம் உளியும் கொட்டாப்புளியும். துளைய மொதல்ல முடிச்சுட்டு அப்புறம் நாக்க அதுக்கு ஏத்த மாதிரி இழைக்கறதுதான் எனக்கு சரியா வருது, ஏன்னா நாக்குல ஒரு சீவல் கொறைக்கறது சுலபம், துளைக்குள்ள சமமா கொறைக்கறது கஷ்டம். கைய வச்சு அழுத்தினா முக்கால்வாசி உள்ள போகணும், மிச்சத்துக்கு ரெண்டு தட்டு, அதுதான் அளவு. ஒவ்வொரு காலுலயும் ரெண்டு துளை உள்ள ஒண்ணோட ஒண்ணு சந்திக்கும், அங்க நாக்கு முனைய 45 டிகிரி சாய்ச்சு வெட்டினா ரெண்டும் இடிக்காம முழு ஆழம் போகும்.

பசை விஷயத்துல மலைக்காரங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். நம்ம எல்லாரும் பயன்படுத்துற வெள்ளப் பசை, ஃபெவிகால் வகை, தண்ணி வெளிய போகப் போக உள்ள இருக்க துகள் ஒண்ணா சேந்து படலமா மாறித்தான் பிடிக்கும். குளிர் பத்து டிகிரி பக்கம் எறங்கிட்டா அந்தத் துகள்கள் ஒண்ணு சேராது, காஞ்ச மாதிரி தெரியும், ஆனா வெள்ளப் பொடியா நிக்கும், பலம் இருக்காது. ஜனவரி பிப்ரவரியில நம்ம ஊர் ராத்திரி எப்படி இருக்கும்னு தெரியுமில்ல. அதனால ஒட்டற வேலைய காலையில பத்து மணிக்கு வெயில் ஏறினப்புறம்தான் ஆரம்பிப்பேன், பசை டப்பாவ வெதுவெதுப்பான தண்ணியில வச்சிருப்பேன், பலகையையும் வெயில்ல போட்டு சூடாக்கிப்பேன், கிளாம்ப் போட்டதும் அத வீட்டுக்குள்ள எடுத்துட்டு வந்துடுவேன், தகரக் கூரைக்குக் கீழ ராத்திரி விடமாட்டேன்.

காலுக்கு பசைய மட்டும் நம்பல, மர ஆணியும் அடிச்சேன். இது பழைய முறை, ரொம்ப அழகான முறை. காலுல துளைக்கு குறுக்கா ஒரு ஓட்டை போடணும், நாக்க உள்ள சொருகி அந்த ஓட்டை வழியா அடையாளம் வச்சு வெளிய எடுத்து, நாக்குல போடற ஓட்டைய அந்த அடையாளத்துல இருந்து அரை நூல் தோள் பக்கமா, அதாவது நாக்கு சட்டத்துல இருந்து ஆரம்பிக்கிற பக்கமா தள்ளிப் போடணும். அப்புறம் முனை கூரா சீவின மர ஆணிய அடிக்கும்போது அந்த ஆணி வளைஞ்சு உள்ள போய் நாக்க தன் பக்கம் இழுத்துக்கும், ஜாயின்ட் கண்ணு முன்னாடியே இறுகும். கிளாம்ப் கூட தேவையில்ல, நாளைக்கு பசை விட்டுப் போனாலும் ஜாயின்ட் நிக்கும். ஆணிக்கு சீகை மரம் (வாட்டில்) எடுத்தேன், நம்ம ஊர்ல விறகுக்கு கெடைக்கிற அதே சீகைதான், கெட்டியான மரம். வாளால அறுக்காம கத்தி வச்சு பொளந்து எடுக்கணும், அப்பதான் நார் முனைக்கு முனை முழுசா ஓடும், அடிக்கும்போது முறியாது.

மேல்பலகைக்கு அஞ்சாறு இன்ச் அகலத்துல பலகைகள வரிசையா ஒட்டினேன். ஓரத்த இழைக்கும்போது பக்கத்து பக்கத்து ரெண்டு பலகையையும் புத்தகம் மூடற மாதிரி சேத்து கிளாம்ப் பண்ணி ரெண்டு ஓரத்தையும் ஒண்ணாவே இழைப்புளியால சீவினா, கை ஒரு பக்கம் சாஞ்சிருந்தாலும் பிரிச்சு வைக்கும்போது ஒரு பக்க சாய்வ இன்னொரு பக்கம் ஈடுகட்டிடும், பலகை சமமா உக்காரும். முகத்த இழைக்கறதுதான் சவால், அந்த மின்னுற கதிர் இருக்க எடத்துல நார் ரெண்டு பக்கமும் ஓடும், இழைப்புளி கொஞ்சம் மழுங்கியிருந்தா சில்லு சில்லா பிச்சுக்கிட்டு வரும். பிளேட தண்ணிக்கல்லுல நல்லா தீட்டி, முடி கனத்துக்கு மட்டும் நீட்டி, இழைப்புளிய கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு ஓட்டணும். அதுக்கும் மசியாத எடத்துக்கு ஸ்டீல் ஸ்கிரேப்பர், நம்ம ஊர் பழைய ஆசாரிங்க கண்ணாடிச் சில்ல வச்சு இதே வேலையத்தான் செஞ்சாங்க. சாண்ட் பேப்பர் 120ல ஆரம்பிச்சு 220ல நிறுத்திட்டேன். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் இரும்பு எல்லாத்தையும் தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால தொடைச்சு வைங்க, மூடுபனி ஒரு ராத்திரியில துரு ஏத்திடும், தேங்காயெண்ணெய் நம்ம குளிர்ல உறைஞ்சு கெடக்கறதால அது சரிப்படாது.

மேல்பலகைய சட்டத்துல மாட்ட திருகாணி நேரா போடல. பட்டிச் சட்டத்தோட உள்பக்கம் ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம் ஓட்டி, எல் வடிவுல சின்ன மரக்கட்டைகள் செஞ்சு, கட்டையோட நாக்கு காடிக்குள்ள, ஸ்குரு மேல்பலகைக்குள்ள. பலகை விரியும்போதும் சுருங்கும்போதும் நீளவாக்குச் சட்டத்துல கட்டை காடிக்குள்ள ஆழமா போகும், வெளிய வரும். குறுக்குச் சட்டத்துல அதே காடியில பக்கவாட்டுல வழுக்கிட்டுப் போகும், அதனால அங்க காடி நீளமா இருக்கணும். நான் மாட்டினது மார்ச் மாசம், பலகை காஞ்சு ஒடுங்கியிருந்த சமயம், இனி மழைக்கு விரியத்தான் போகுதுன்னு தெரிஞ்சதால நீளவாக்குல கட்டை நாக்குக்கும் காடி அடிக்கும் நடுவுல ரெண்டு நூல் இடைவெளி விட்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் கணக்குப்படி வேண்டியது ஒண்ணேகால் நூல்தான், மிச்சம் பாதுகாப்புக்கு. மழைக்காலத்துல மாட்டறவங்க இதுக்கு நேர்மாறா, நாக்க கிட்டத்தட்ட முழுசா உள்ள தள்ளி மாட்டணும், ஏன்னா அது வெளிய வரத்தான் போகுது.

பாலிஷுக்கு அரக்கு பாலிஷ் அடிக்கலாம், ஆனா மூடுபனி நாள்ல அடிச்சா ஸ்பிரிட் ஆவியாகும்போது காத்து ஈரத்த இழுத்து வெள்ளையா பூத்துடும். சாப்பாட்டு மேஜைக்கு எனக்கு எண்ணெயும் மெழுகும்தான் பிடிக்கும், கீறல் விழுந்தா அந்த எடத்த மட்டும் தேய்ச்சு மறுபடி போட்டுக்கலாம். லின்சீட் ஆயில் மெல்லிசா தடவி, அரை மணி கழிச்சு மிச்சத்த சுத்தமா தொடைச்சு, நம்ம குளிருக்கு ஒவ்வொரு கைக்கும் நடுவுல நாலஞ்சு நாள் விட்டு, மூணு கை. எண்ணெய் தொடைச்ச துணிய கசக்கி மூலையில போட்டுடாதீங்க, அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், குவியலா இருந்தா தானா தீப்பிடிக்கும். துணிய விரிச்சு வெளிய கொடியில காயப் போட்டுட்டு, காஞ்சப்புறம் தூக்கிப் போடுங்க. மேல தேன்மெழுகு. கோத்தகிரியில நல்ல மெழுகுக்கு பஞ்சமே இல்ல, கீஸ்டோன் ஃபவுண்டேஷன் பழங்குடி தேன் எடுக்கறவங்களோட பல வருஷமா வேலை செய்யற ஊர் இது, மலைத்தேன் மெழுகு இங்கயே கெடைக்கும். மெழுகு ஒரு பங்கு, லின்சீட் ஆயில் மூணு பங்கு எடை போட்டு, நேரா நெருப்புல வைக்காம கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்துக்குள்ள வச்சு உருக்கணும், 65 டிகிரிக்குள்ள மெழுகு உருகிடும். ஆறினதும் தைலமா வரும், துணியில எடுத்து நாரோட போக்குல தேய்ச்சு, மறுநாள் காஞ்ச துணியால மினுக்கினா கதிர் எல்லாம் எழும்பி வரும். சூடான பாத்திரத்த நேரா வச்சா மெழுகு தாங்காது, அடியில ஒரு பாய் போட்டுக்கணும்.

மாட்டின அன்னிக்கே மேல்பலகை அகலத்த அடிப்பக்கத்துல பென்சில்ல எழுதி வச்சிருந்தேன். நவம்பர் மழை நடுவுல டேப் வச்சுப் பாத்தா ஒண்ணரை நூல் கூடியிருந்தது. எங்கயும் வெடிப்பு இல்ல, ஜாயின்ட் ஒண்ணும் அசையல, கட்டை எல்லாம் காடிக்குள்ள நகந்திருக்கறது மெழுகுத் தடத்துல தெளிவா தெரியுது. பரண்ல இன்னும் ஏழெட்டு பலகை இருக்கு, அடுத்தது இதுக்கு ஜோடியா ரெண்டு பெஞ்ச். பெஞ்ச் பலகை பதினோரு இன்ச் அகலம்தான், அசைவு ஒரு நூலுக்குள்ள அடங்கிடும், அதனால அதுக்கு எல் கட்டை இல்லாம ஸ்குரு ஓட்டையவே நீளமா இழுத்து மாட்டிடலாம்னு இருக்கேன்.